ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர்?

எங்கட நண்பர்களில் தாதியர் பயிற்சி முடித்தவர்கள் கொஞ்சப்பேர் இருக்கிறார்கள். சிலர் ஓ.ஈ.ரி. பரீட்சைக்குப் படிக்கிறார்கள். சிலர் வெளிநாட்டு வைத்தியசாலைகளின் வேலைக் கடிதங்களைக் கையில வைச்சுக்கொண்டு எதை எடுக்கிறது எண்டு யோசிக்கிறார்கள். கூடிக் கதைத்தால் பேச்சு சம்பளத்தில் தொடங்கி, வாடகை, விசா, குடும்பத்தைக் கூப்பிடலாமா என்பதில் போய் முடியும். "அங்க ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த ஓர் எண்ணுக்காகத் தாதியர் ஆண்டுக்கணக்கில் போராடிய வரலாறு ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வேலைக் கடிதத்தை வாசிப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

முதலில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 1992 முதல் 1999 வரை ஆண்ட ஜெஃப் கெனட் அரசாங்கம் பொது வைத்தியசாலைகளின் செலவைக் கடுமையாக வெட்டியது. வேலை இழந்தவர்கள் போக, மிஞ்சியவர்களிலும் பலர் பாரம் தாங்காமல் விலகினார்கள். பிறகு எல்லாரும் 'தாதியர் பற்றாக்குறை' எண்டு கதைக்கத் தொடங்கினார்கள். தாதியர் சங்கம் சொன்னது வேறு: தாதியர் இருக்கிறார்கள், இந்த நிலைமையில் வேலை செய்யத்தான் அவர்கள் தயாரில்லை. 2000ஆம் ஆண்டில் தொழில் உறவுகள் ஆணைக்குழு தாதியரின் கோரிக்கையை ஏற்று, தாதி - நோயாளர் விகிதத்தைக் கட்டாயமாக்கியது. பெரிய வைத்தியசாலைகளின் பொது விடுதிகளில், காலை வேளையில் நான்கு நோயாளருக்கு ஒரு தாதி. இரவில் எட்டுப் பேருக்கு ஒருவர். காலையில் விடுதிப் பொறுப்புத் தாதி இந்தக் கணக்குக்கு வெளியே. அதற்குப் பிறகு, வேலையை விட்டுப் போன தாதியர் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தார்கள். சங்கம் சொன்னது சரியாகிவிட்டது.

கிடைத்தது நிலைத்ததா என்றால், அதற்கும் போராட வேண்டியிருந்தது. 2011இல் ரெட் பெய்லியூ அரசாங்கம் விகிதத்தைத் தளர்த்தப் பார்த்தது. தாதியர் சிவப்பு ரீசேர்ட்டோடு தெருவில் இறங்கினார்கள். 2012 மார்ச்சில் விகிதம் காப்பாற்றப்பட்டது. 2015இல் அது சட்டமாகவே ஆனது. ஒப்பந்தத்தில் இருப்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் பறிக்கலாம். சட்டத்தில் இருப்பதைப் பறிக்க நாடாளுமன்றத்துக்குப் போகவேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்தச் சட்டம் 1999இலேயே கையெழுத்தானது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 2004 ஜனவரியில்தான். பொது மருத்துவ, சத்திரசிகிச்சை விடுதிகளில் ஆறு பேருக்கு ஒரு தாதி. அடுத்த ஆண்டு அது ஐந்து பேருக்கு ஒருவர் என்று குறையவேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு பேருக்கு ஒருவர். விதியில் 'எல்லா நேரமும்' என்று இருந்ததுதான் வைத்தியசாலை உரிமையாளர்களுக்குப் பொறுக்கவில்லை. தாதி சாப்பிடப் போனாலும் அந்த இடத்துக்கு இன்னொருவர் நிற்கவேண்டும் என்பது அதன் பொருள். நீதிமன்றம் போனார்கள்; வெல்லவில்லை. ஆளுநர் ஆர்னோல்ட் சுவார்ஸ்னேகர் ஐந்துக்கு ஒன்று என்பதை ஒத்திப்போட்டார். தாதியர் அவர் போகிற கூட்டங்களுக்கெல்லாம் போய் நின்று எதிர்த்தார்கள். 2005 மார்ச்சில் அந்த ஒத்திவைப்பும் நீதிமன்றத்தில் விழுந்தது.

இதற்கிடையில், 2002இல் லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு தாதிக்கு ஒரு நோயாளர் கூடும்போது, சத்திரசிகிச்சை செய்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 வீதம் கூடியது. தாதியர் களைத்துச் சோர்வதும் கூடவே கூடியது. நோயாளரின் உயிரும் தாதியின் உடம்பும் ஒரே கணக்கில்தான் தொங்குகின்றன.

இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட் வைத்தியசாலையில் காசு மிச்சம் பிடிக்க ஆளைக் குறைத்ததன் விளைவை, 2013இல் வெளிவந்த ரொபேர்ட் ஃபிரான்சிஸ் அறிக்கை விரிவாகச் சொன்னது. வேல்ஸ் 2016இல் தாதியர் எண்ணிக்கை பற்றிச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்தில் பொது விடுதிகளுக்கு இப்படி ஓர் எண்ணைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. பகலில் எட்டுக்கு மேல் போனால் ஆபத்து கூடும் என்ற 2014ஆம் ஆண்டு வழிகாட்டல் மட்டும் உண்டு.

இனி வேலைக் கடிதத்துக்கு வருவோம். எத்தனை நோயாளர் என்று கேட்டால் மட்டும் போதாது. பகலிலயா, இரவிலயா? அது சட்டமா, ஒப்பந்தமா, வாய்ச்சொல்லா? பொறுப்புத் தாதியையும் உதவியாளரையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார்களா? ஒருவர் லீவு போட்டால் யார் வருவார்? இடைவேளையில் யார் பார்ப்பார்? மேலே சொன்ன போராட்டங்கள் எல்லாம் இந்தக் கேள்விகளுக்காகத்தான் நடந்தன. நேர்முகத்தில் இதைக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. பதில் சொல்லத் தயங்குகிற இடம், அந்தத் தயக்கத்தாலேயே பதில் சொல்லிவிடுகிறது.

விக்டோரியா இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. ஆள் பற்றாக்குறை எண்டு எங்களைக் கூப்பிடுகிற இடத்தில், ஏற்கெனவே இருந்த தாதியர் ஏன் போனார்கள் என்று கேட்கவேண்டும். பயிற்சி பெற்றவர்கள் உண்மையிலேயே போதாத இடமாகவும் இருக்கலாம். இருப்பவர்கள் நிற்க விரும்பாத இடமாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால், அந்த வெற்றிடத்தை நிரப்பப் போகும் நாங்களும் கொஞ்சக் காலத்தில் களைத்து விழுவோம்.

இதே கேள்வி எங்கட நாட்டுக்கும் உண்டு. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு இங்கிருந்து எத்தனை பேர் போகிறார்கள் என்று எல்லாரும் பேசுகிறோம். போனவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் விட்டுப்போன வாட்டில், இண்டைக்கு இரவு ஒரு தாதி எத்தனை பேரைப் பார்க்கிறார்? அதையும் நாங்கள்தான் கேட்கவேண்டும். அங்கே படுத்திருப்பது எங்கட அம்மம்மாவாக இருக்கலாம்.