கெராங் மட்டி: விதைக்கு இயற்கையை நம்பும் ஒரு தொழில்

பினாங்கின் சார் குவே தியாவ் தட்டுகளில் ஏழைகளின் உணவாக அறியப்பட்ட கெராங் மட்டி, இன்று மலேசியாவில் விலையுயர்ந்த பொருளாகிவிட்டது. 1980ஆம் ஆண்டில் அந்நாட்டின் உற்பத்தி ஒரு லட்சத்து இருபதாயிரம் தொன்னை எட்டியிருந்தது. 2015ஆம் ஆண்டளவில் அது இருபதாயிரம் தொன்னுக்கும் கீழே சென்றது. முன்னர் தாய்லாந்துப் பண்ணைகளுக்குக் குஞ்சுகளை அனுப்பிய நாடு, பின்னர் அங்கிருந்தே மட்டியை இறக்குமதி செய்யும் நிலை ஏற்பட்டது.

இந்தச் சரிவைப் புரிந்துகொள்ள, மட்டியின் இனப்பெருக்கத்தைப் பார்க்க வேண்டும். கழிமுகங்களிலும் களப்புகளிலும் மென்மையான சேற்றில் புதைந்து வாழும் இவ்வினத்தில் ஆண், பெண் தனித்தனி. முட்டையும் விந்தும் நீரிலேயே கலந்து கருவுறுகின்றன. இளம் உயிரிகள் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்த பின்னரே சேற்றில் படிகின்றன. எங்கே, எவ்வளவு படியும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும்.

1948இல் பேராக் மாநிலத்தில் தொடங்கிய 'வளர்ப்பு' என்பது, உண்மையில் இவ்வாறு படிந்த குஞ்சுகளை வாரியெடுத்துக் குத்தகைத் திடல்களில் தூவுவதே. தீனி போடுவதில்லை. நீரில் மிதக்கும் நுண்பாசிகளை மட்டி தானே வடிகட்டி உண்ணும். சுமார் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டில், சட்டம் அனுமதிக்கும் 31.8 மில்லிமீட்டர் அளவை எட்டும். சுமார் 20 மில்லிமீட்டரிலேயே அது இனப்பெருக்க முதிர்ச்சி பெற்றுவிடுவதால், இந்த அளவு வரம்பு நியாயமானதே. ஆனால், குஞ்சுப் பருவத்திலேயே அள்ளப்படுவனவற்றுக்கும் மாசினால் மடிவனவற்றுக்கும் அது பாதுகாப்பளிக்காது. நீர் மாசு, கடலோர நிலமீட்பு, குஞ்சுகளை மிகையாக அள்ளுதல் ஆகிய அனைத்தையும் ஆய்வாளர்கள் காரணங்களாகக் காட்டுகின்றனர்.

பொரிப்பகங்களில் குஞ்சு உற்பத்தி செய்வது தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமே. ஆனால் அங்கே நுண்பாசியையும் வளர்த்து ஊட்டவேண்டும். கடல் இலவசமாகத் தந்ததற்கு இனி விலை கொடுக்கவேண்டும் என்பதே சிறு மீனவர்களின் சிக்கல். இந்தியாவிலும் காக்கிநாடா விரிகுடாவில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இம்மட்டியை வளர்த்துச் சோதித்துள்ளது. எனினும், மலேசியா அளவுக்கு அங்கே இதற்கு உண்போர் இல்லை.

உண்போர் கவனிக்கவேண்டியதும் ஒன்றுண்டு. நீரை வடிகட்டும் உயிரினம் அதிலுள்ள கிருமிகளையும் சேர்த்துக்கொள்ளும். 1988இல் ஷாங்ஹாயில், இதன் நெருங்கிய உறவினமான மட்டியை அரைவேக்காடாக உண்டதால் ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்கு ஹெப்படைடிஸ் ஏ பரவியது. குருதிச் சிவப்பு நீர் வடிவது பச்சையாக இருப்பதன் சுவை எனச் சிலர் விரும்புகின்றனர். அந்தச் சிவப்பு, ஒட்சிசன் குறைந்த சேற்றில் வாழ அதற்கு உதவும் ஹீமோகுளோபின் மட்டுமே.