உறிஞ்சினால் உள்ளே வரும்: கப்பல் காற்றின் கதை

சின்னப் பாய்மரப் படகு ஒன்றில் போர்ட்டபிள் ஏசி மாட்டும் வீடியோ பார்த்தேன் மக்களே. ஏசியை கேபினுக்குள்ள வெச்சு, சூடான காற்று போகும் குழாயை மேல்தளத் திறப்பு வழியா வெளியே விட்டு, இடுக்கை அட்டையால அடைச்சாச்சு. ஏசி ஓடுது. கேபின் மட்டும் சரியா குளிரல. இதுக்குப் பின்னால 280 வருஷக் கதை ஒண்ணு இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாங்க.

18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல். கீழ்த்தளத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள் நெருக்கியடித்துத் தூங்குவாங்க. அடியில் தேங்கிய தண்ணி நாறும். 'கப்பல் காய்ச்சல்' வந்து கொத்துக்கொத்தா செத்தாங்க. இன்னைக்கு நாம டைபஸ்னு சொல்றது. கெட்ட காற்றுதான் காரணம்னு அன்றைய மருத்துவம் நம்பியது.

அன்றைய 'ஏசி' பேர் விண்ட்செயில். பாய்த்துணியில் தைத்த நீளக் குழாய். மேலே கட்டித் தொங்கவிட்டா, அடிக்கிற காத்து கீழ்த்தளத்துக்கு இறங்கும். காத்தே இல்லாத நாள்ல பிரயோஜனம் இல்லை. புயல்ல திறப்புகளை மூடிட்டா அதுவும் போச்சு.

அடுத்து வந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ். எங்க ஆளுங்களுக்கு நல்லா தெரிஞ்சவர்: குதிரையின் ரத்தக்குழாயில் கண்ணாடிக் குழாயைச் சொருகி முதன்முதலா ரத்த அழுத்தத்தை அளந்த பாதிரியார். ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறுச்சு! அவர் 1740-களில் கப்பலுக்குப் பெரிய துருத்தி செஞ்சார். ஆட்கள் நின்னு கையால இயக்கணும். அடிமைக் கப்பல்லயும் அது ஏறுச்சு. சாவு குறைஞ்சதுன்னு ஒரு கேப்டன் அவருக்கே கடிதம் எழுதினார். அந்தக் கேப்டனுக்கு அது 'சரக்கு' நஷ்டக் கணக்கு. படிக்கவே கசக்குது.

எனக்குப் பிடிச்சது சாமுவேல் சட்டன் யோசனை. மருத்துவரும் இல்லை, மாலுமியும் இல்லை. கப்பல் சமையல் அடுப்பு எப்படியும் எரியுதே, அது எரியக் காற்று வேணுமே, அந்தக் காற்றைக் கீழ்த்தளத்துல இருந்து குழாய் வழியா இழுத்தா என்னன்னு கேட்டார். அடுப்பு கெட்ட காற்றை உறிஞ்சும். அந்த இடத்துக்கு மேலிருந்து புதுக் காற்று தானா இறங்கும். துருத்தியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். கடற்படை அதிகாரிகள் இழுத்தடிச்சாங்க. டாக்டர் ரிச்சர்ட் மீட் அவர் பக்கம் நின்றார். டிபி நோயாளிக்கு இன்னைக்கு நாம வைக்கிற நெகட்டிவ் பிரஷர் அறையும் இதே தத்துவம்தான்.

(டைபஸைப் பரப்புறது உடம்புப் பேன்னு 1909-ல் சார்ல்ஸ் நிக்கோல் காட்டினார். காற்று பாவம், தப்பா மாட்டிக்கிட்டது.)

இப்போ படகுக்கு வாங்க. ஒற்றைக் குழாய் ஏசியும் சட்டன் அடுப்பு மாதிரிதான். கேபின் காற்றையே எடுத்து, சூடாக்கி வெளியே தள்ளும். போன அளவுக்கு வெளிக்காற்று இடுக்கெல்லாம் வழியா உள்ளே வந்தே தீரும். வெக்கைக் காற்று! அதான் குளிரல. இரட்டைக் குழாய் ஏசின்னா, அந்தச் சூட்டை வெளியேத்தத் தேவையான காற்றை வெளியிலிருந்தே எடுக்கும். இந்தத் தொல்லை ரொம்பக் குறையும்.

குளிராம போனா வியர்க்கும், அவ்வளவுதான். நான் பயப்படுறது வேற. ஏசிக்கு கரண்ட் கொடுக்க பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடுதுன்னு வைங்க. இடுக்கு வழியா உள்ளே இழுக்கப்படுற காற்றில் அதன் புகையும் சேரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரும். படகுல இருக்கிறவங்க கடல் ஒத்துக்கலன்னு நினைச்சு, ஏசி போட்ட அதே கேபின்ல போய்ப் படுத்துடுவாங்க.

சில நூறு ரூபாயோ சில ஆயிரமோ, அதுக்கு அலாரம் கிடைக்குது. அந்த வீடியோவை ரெண்டாவது தடவை ஓட்டி, கேபின் சுவரில் எங்கேயாவது மாட்டியிருக்கான்னு தேடிப் பார்த்தேன். கண்ணில் படல.