ஆங்கிலேயரின் புதினாத் துவையல்

வடபுலத்து நகரங்களில் குடியேறிய நம் இல்லங்களில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. புதினாவை எண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பும் மிளகாயும் புளியும் கூட்டி அரைப்பதே முறை என்பர் மூத்தோர். மாங்காய்த் தூளோ உலர்ந்த மாதுளை விதையோ சேர்த்துப் பச்சையாக அரைக்கும் அண்டை வீட்டுச் சட்னியையே பிள்ளைகள் விரும்புவர். 'இது நம்முடையதன்று' என்ற சொல்லும் அப்போது பிறந்துவிடும். அவ்வாறு துணியுமுன், கடல் கடந்த ஆங்கில நாட்டில் இத்தழை பெற்ற வாழ்வை நாம் சற்றே நோக்குதல் நன்று.

ஆங்கிலேயர் 'மின்ட் சாஸ்' செய்யும் முறை மிக எளியது. புதினா இலையைச் சர்க்கரை தூவிப் பொடியாக நறுக்குவர். கொதிநீர் சிறிது ஊற்றி, ஆறியபின் காடி எனும் வினிகரைச் சேர்ப்பர். அரைப்பதில்லை, காரமும் இல்லை. வாட்டிய ஆட்டுக்குட்டி இறைச்சிக்கு அதுவே துணை. கொழுப்பின் திகட்டலைக் காடியின் புளிப்பு முறிக்கிறது. பிரெஞ்சுக்காரர்க்கோ இது நகைப்புக்குரிய பொருள். 1966இல் நூலாக வந்த ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதை ஒன்றில், வேகவைத்த காட்டுப்பன்றியைப் பிரித்தானியர் புதினாச் சாஸோடு உண்பதாகக் காட்டி அதன் ஆசிரியர்கள் எள்ளினர்.

ஆயினும் இச்சாஸ் என்றும் இவ்வளவு சாதுவாக இருந்ததில்லை. 1390ஆம் ஆண்டளவில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர் தொகுத்த 'ஃபோர்ம் ஆஃப் கியூரி' என்னும் ஏட்டில் பச்சைச் சாஸ் ஒன்று காணப்படுகிறது. ('கியூரி' என்பது சமையலைக் குறித்த பழஞ்சொல், நம் கறியன்று.) புதினா, பார்சிலி முதலிய தழைகளோடு பூண்டு, இஞ்சி, மிளகு, இலவங்கப்பட்டை, ரொட்டி, திராட்சை மது, காடி, உப்பு, குங்குமப்பூ ஆகியவற்றைக் கூட்டி நன்றாக அரைக்குமாறு அது பணிக்கிறது. ரொட்டியையும் மதுவையும் நீக்கினால் எஞ்சுவது துவையலன்றி வேறென்ன? அந்நாளில் ஐரோப்பா கண்ட மிளகும் பெரும்பாலும் மலையாளக் கரையில் விளைந்து, அரபு வணிகரும் வெனிசு வணிகரும் கைமாற்றியதே.

18ஆம் நூற்றாண்டில், கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரை ஆங்கிலேயர் இல்லங்களில் பெருகியது. மிளகும் பூண்டும் இச்சாஸை விட்டு அகன்றன. 1861இல் வெளிவந்த இசபெல்லா பீட்டனின் சமையல் நூலில் நறுக்கிய புதினா 4 கரண்டி, சர்க்கரை 2 கரண்டி, காடி கால் பைன்ட் என மூன்றே பொருள்கள் எஞ்சி நிற்கின்றன.

இனி நம் வழக்குக்கு வருவோம். புதினா என்ற பெயரே பாரசீகத்திலிருந்து வந்தது. நாட்டுக்கு நாடு மாறுவது அதனோடு சேரும் புளிப்புத்தான்: ஆங்கிலேயர்க்குக் காடி, பஞ்சாபியர்க்கு மாதுளை, நமக்குப் புளி. வதக்கி அரைக்கும் முறையை மூத்தோர் கைவிட வேண்டுவதில்லை. அதன் மணம் தனி. ஆனால் பிள்ளைகளின் சட்னியை அயலானது என்று ஒதுக்க நமக்கு வழக்கில்லை என்றே கருதுகிறோம்.

20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெருகிய இந்திய உணவகங்களை, பெரும்பாலும் சில்ஹெட் பகுதியிலிருந்து சென்ற வங்காளிகளே நடத்தினர். அங்கே புட்டியில் விற்கும் ஆங்கிலப் புதினாச் சாஸைத் தயிரில் கலந்து, 'பாப்படம்' என அங்கே வழங்கும் நம் அப்பளத்தோடு பரிமாறும் வழக்கம் தோன்றியது. சிலர் அதில் மிளகாயும் சேர்ப்பர்.