மோட்டார் இல்லத்தின் கூரையும் கசிவைத் தடுத்த பொருள்களும்

அமெரிக்காவில் வண்டியாகவும் வீடாகவும் பயன்படும் மோட்டார் இல்லங்களின் வரலாற்றை அவற்றின் சொகுசைக் கொண்டு எழுதுவது வழக்கம்; ஆயினும் அவற்றின் ஆயுளைப் பெரிதும் தீர்மானித்தது கூரை இணைப்புகளில் கசியும் நீரே என்பதால், அந்த இணைப்புகளை அடைத்த பொருள்களின் வரலாறே கூடுதல் கவனத்துக்கு உரியது.

இவற்றைப் போலவே வீடாகப் பயன்பட்ட தொடக்ககால இழுவை வண்டிகளின் மரக்கூரைமேல் கித்தான் துணியை விரித்து, அதன்மேல் வண்ணம் பூசி மழையைத் தடுத்தனர். 1936இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் வெளியிட்ட 'கிளிப்பர்' வண்டி, அலுமினியத் தகடுகளை ரிவெட் ஆணிகளால் பிணைத்த உடலைக் கொண்டிருந்தது; துணி மறைந்தபோதிலும், தகடுகள் சந்திக்கும் இடங்களும் காற்றுப்போக்கிகளின் விளிம்புகளும் அடைக்கப்பட வேண்டியவையாகவே நீடித்தன. இத்தகைய இடைவெளிகளை அடைக்கும் எண்ணெய் கலந்த பட்டி உலர்ந்து வெடிக்கும் இயல்புடையது. 1937இல் கண்டறியப்பட்ட பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரோ நெடுங்காலம் இளக்கமாக இருப்பதால், பிற்காலத்தில் ஒட்டுநாடா வடிவில் கூரை விளிம்புகளுக்கு அடியில் இடம்பெற்றது.

ஈ.பி.டி.எம். எனப்படும் மற்றொரு செயற்கை ரப்பர் விரிப்பு கூரை முழுவதையும் மூடத் தொடங்கிய பின், தானே பரவிச் சமன்படும் அடைப்பான் வழக்குக்கு வந்தது. இந்த மாற்றமே பழைய அடைப்பானை அகற்றும் வேலையை நுட்பமான கைத்தொழிலாக்கியது: பெட்ரோலியக் கரைப்பான் அந்த ரப்பரை உப்பச் செய்யும், கூரிய உலோகக் கத்தி அதைக் கிழிக்கும், முன்னர் யாரேனும் பூசிய சிலிக்கோனின் எச்சத்தின்மீது புதிய அடைப்பான் எதுவும் உறுதியாக ஒட்டாது. எனவே மிதமான வெப்பத்தால் பழைய பூச்சை இளக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையுடன் பெயர்த்தெடுப்பதே தக்க முறையாக நிலைபெற்றது. உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய அடைப்பானைத் துடைத்துவிட்டு, அதற்குப் பொருந்தும் புதிய அடைப்பானை மேலே இடுவதும் ஏற்கப்படுகிறது.