கட்டை வரிசை வரைபடம்

பியானோ அல்லது ஆர்மோனியத்தின் கட்டைகளை, கட்டைக்கு ஒரு வரியாக எழுதிய அட்டவணையிலிருந்து நிரல் வழியே வரைவது கட்டை வரிசை வரைபடம். பைதானின் மேட்பிளாட்லிப், ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 போன்றவை இதற்கு ஏற்றவை.

நம் பாடகர்கள் சுருதி சொல்லும் கணக்கே அட்டவணைக்குப் போதும். 1 முதல் 7 வரை வெள்ளை. 1½, 2½, 4½, 5½, 6½ கறுப்பு. மூன்றரையும் ஏழரையும் கிடையாது. முழு எண் வெள்ளை, அரை கறுப்பு என்று நிறம் எண்ணிலேயே இருக்கிறது. கிடைமட்ட இடமும் அதே எண்தான்: நாலரைக் கட்டை 4-க்கும் 5-க்கும் நடுவில் அமரும். அடுத்த ஸ்தாயிக்கு 7 கூட்ட வேண்டும். இத்தனை கச்சிதமான தரவு வாய்ப்பது அரிது. ஆனால் உண்மையான பியானோவில் 1½, 4½ சற்று இடப்புறமும் 2½, 6½ சற்று வலப்புறமும் தள்ளியிருக்கும். 5½ நடுவிலேயே நிற்கும்.

வெள்ளைக் கட்டைகளை எல்லாம் வரைந்து முடித்த பிறகே கறுப்பை வரைய வேண்டும். சுர வரிசையில் வரைந்தால் 2-ஆம் கட்டை வந்து 1½-இன் வலப்பாதியை மறைத்துவிடும். கறுப்பின் அகலம் வெள்ளையில் ஏறத்தாழ 0.6 பங்கு. முழுப் பியானோவின் 88 கட்டைகளில் 52 வெள்ளை, 36 கறுப்பு.

அதிர்வெண்ணுக்கு அட்டவணையில் தனிப் பத்தி தேவை. 1-லிருந்து 2-க்கு இரண்டு அரைச்சுரம், 3-லிருந்து 4-க்கு ஒன்றுதான். அரைச்சுரம் ஒவ்வொன்றுக்கும் அதிர்வெண் 2-இன் பன்னிரண்டாம் மூலத்தால் பெருகும். நடு ஸ்தாயியின் 6 கட்டை 440 ஹெர்ட்ஸ் என்றால் 1 கட்டை சுமார் 261.6.

சுரப் பெயர்களுக்கான பத்திக்குக் காரைக்கால் நகரம் நல்ல எடுத்துக்காட்டு. 1739 முதல் 1954 வரை, இடைவெளிகளோடு, ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் முறையில் தோ, ரே, மி ஆகியவை கட்டையோடு ஒட்டியவை. ஒரு கட்டை எப்போதும் தோ. நம் சட்சமமோ பாடுபவரோடு நகரும்: ஐந்து கட்டையில் பாடினால் பஞ்சமம் மேல் ஸ்தாயி 2-இல் விழும். ஆகவே சுரப் பெயர்களை எழுதிவைக்காமல் நிரலே கணக்கிடுவதுதான் முறை. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் வாத்தியங்களோடு சேர்த்துச் சொல்லும் துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் ஆகிய பழம்பெயர்களையும் இப்படி ஏற்றலாம். முதல் சுரமான குரலையும் சேர்த்து, அதைச் சட்சமமாக்கி 1-இல் வைத்து, செம்பாலை என்னும் பழம் பாலையை அரிகாம்போதி ராகமாகக் கொண்டால், குரலோடு ஆறு பெயர்கள் வெள்ளையில் விழும். தாரம் மட்டும் 6½-இல், கறுப்பில்.