மரக்காலும் எண்சுவடியும்

காவிரி நெல் விளையும் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் முதலாகத் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் கணக்குக் கல்வி அளவையை ஒட்டியே நடந்தது. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். பிள்ளைகள் மணலில் எழுதினர். எண்சுவடியை உரக்க ஒப்பித்தனர். சட்டாம்பிள்ளை கேட்டுத் திருத்தினான். களத்துக் கணக்கைத் தீர்ப்பதே நோக்கம். பயிற்சியும் அதுவே, சோதனையும் அதுவே. இன்றைய ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகள் வலியுறுத்தும் இசைவு அன்றே இருந்தது.

ஆயினும் அத்திண்ணை பெரும்பாலும் நமக்கு எட்டாததாகவே இருந்தது. நெல்லை விளைத்தவர் நம் முன்னோர். கூலி நெல்லை அளந்து போட்டவர் பிறர். மரக்கால் குறைந்ததா எனக் கேட்கக் கணக்கறிவு வேண்டுமன்றோ?

1860களில் சென்னை மாகாண அரசு தேர்வுப் பயனுக்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கத் தொடங்கியது. ஆய்வாளர் கேட்கும் வினாவே பாடமாயிற்று. 1893ஆம் ஆண்டு அரசாணை பஞ்சமர் கல்விக்குத் தனிச் சலுகைகள் அளித்தது. நமக்குக் கதவு திறந்தபோது உள்ளே இருந்தது, களத்தை மறந்த இந்தக் கணக்குத்தான்.

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்கள் வட்டிச் சூத்திரத்தை ஒப்பிக்கச் செய்வதோடு நிற்க வேண்டா. நூற்றுக்கு இரண்டு வட்டி எழுதிய கடன்சீட்டு ஒன்றைக் கையில் கொடுங்கள். வாங்கிய தொகை சரியா என்று வகுப்பிலும் கேளுங்கள். தேர்விலும் அதையே கேளுங்கள்.