ஒற்றை வயரும் ஒரு கரகரப்பும்

போன மாதம் மாமாவின்ர வானில் புதிதாக ஒரு அம்ப்ளிபயர் பூட்டினோம். எஞ்சின் ஓடாத வரைக்கும் பாட்டு அந்தமாதிரி இருக்கும். ஸ்ராட் பண்ணினால் பாட்டோடு சேர்ந்து ஒரு கூவல். அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். பூட்டிய கடையில் ஸ்பீக்கர்தான் பழுது எண்டு சொல்லி இரண்டையும் மாற்றிவிட்டார்கள். காசு போனது, கூவல் போகவில்லை.

கடைசியில் அயலில் இருக்கும் பழைய மெக்கானிக் ஐயா ஒருவர் வந்தார். ஸ்பீக்கரைத் தொடவே இல்லை. அம்ப்ளிபயரின் எர்த் வயரைக் கழட்டி, அது பூட்டியிருந்த இடத்தில் பெயின்ரைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கினார். சத்தம் நின்றது. "தம்பி, சயிக்கிள் டைனமோவிலயும் எங்களுக்கு இதே வருத்தம்தான்" என்றார். அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

காருக்குள் வானொலி பரவத் தொடங்கியது 1930களில். 1930 இல் அமெரிக்காவில் போல் கல்வின் தன்னுடைய காரிலேயே ஒரு றேடியோவைப் பூட்டிக் காட்டினார். 'மோட்டரோலா' என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. அன்றைக்கும் தலையிடி இரைச்சல்தான். பிளக்கில் பொறி பறக்கும் ஒவ்வொரு தடவையும் றேடியோ கரகரக்கும். இதற்கு மேல் இன்னொரு சிக்கல். காரில் பற்றரியிலிருந்து ஒரு வயர்தான் போகும், மின்சாரம் திரும்பி வரும் வழி காரின் இரும்பு உடம்பு. வயர் மிச்சம்தான். ஆனால் லைற்றுக்கும் ஹோர்னுக்கும் பாட்டுக்கும் திரும்பும் பாதை ஒன்றே. எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால் அம்ப்ளிபயரின் மின்சாரம் பாட்டு வரும் வயரின் வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்தக் கூவல் அதுதான்.

எங்கட ஊர்களில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பிரித்தானியக் கார்களில் வேறொரு பொறியும் இருந்தது. அவற்றில் பற்றரியின் பொசிற்றிவ் முனையே உடம்போடு சேர்ந்திருக்கும். இப்போதைய வாகனங்களில் நெகற்றிவ். இது தெரியாமல் புதிய செற்றைப் பூட்டினால், அதன் இரும்புக் கூடு காரில் முட்டியதும் ஷோர்ட் ஆகும். பியூஸ் போனால் தப்பினோம் எண்டு நினைக்கவேண்டியதுதான்.

1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் அகப்பட்டன. கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. றேடியோவுக்கு சயிக்கிள் டைனமோ வந்தது. சயிக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டார்கள். கை ஓய்ந்தால் குரலும் ஓயும்.

டைனமோ தருவது ஏசி மின்சாரம். றேடியோவுக்கு வேண்டியது டிசி. பழுதான செற்றுகளிலிருந்து நாலு டயோட்டைக் கழற்றி பிரிட்ஜ் கட்டினார்கள். இரைச்சலைக் குறைக்க ஒரு கப்பாசிற்றர். டைனமோவிலும் வயர் ஒன்றுதான், திரும்பும் வழி சயிக்கிள் பிறேம். டைனமோவைப் பிடிக்கும் கிளிப்பில் ஒரு கூர்முனை ஆணி இருக்கும். அது பெயின்ரைக் குத்தி இரும்பைத் தொடவேண்டும். அதில் கறள் பிடித்தால், எவ்வளவு சுற்றினாலும் செய்தி வராது.

எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது அந்தச் செய்தியில் இருந்தது. இப்போது எங்களுக்குக் கரகரப்பு ஒரு எரிச்சல். அவர்களுக்கு ஒரு சொல் தவறினால், அது தங்கட பிள்ளை நின்ற ஊரின் பெயராக இருக்கலாம். அதனால்தான் ஐயாவின் கை நேராக எர்த்துக்குப் போனது. சாமானை மாற்றக் கடை இல்லாத காலத்தில் பழகிய கை அது.

யுத்த வரலாறு எண்டால் திகதிகளையும் சண்டைகளையும்தான் எழுதுகிறோம். நாலு டயோட்டால் ஒரு வீட்டுக்குச் செய்தி கொண்டுவந்தவர்களை ஒருவரும் எழுதுவதில்லை. அவர்களுக்கு வயது போகிறது. உங்கட வீட்டில் டைனமோ சுற்றிய ஆராவது இருந்தால், இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கேளுங்கோ. எப்படிக் கட்டினார்கள் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கோ.